பென்சில் பட்டன்

மொதல்ல காப்பியைக் குடிங்க அம்மிணி. லேப்டாப்பை அப்பறம் தொறந்துக்கலாம். கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி இத்தனை தூரம் வந்திருக்கறீங்க, புதுசா சாஃப்ட்வேர் எழுதித் தர்றேன்னு ஒத்துக்கிட்டிருக்கறீங்க. நெம்ப சந்தோசம். ஆனா எனக்கு என்ன வேணும்னு சொல்றதுக்கு முன்னால, பழசை எழுதுன தம்பி எனக்கு என்ன பண்ணிப்போட்டுப் போனான்னு நீங்க தெரிஞ்சுக்கோணும். தெரிஞ்சாத்தான் நீங்களும் அதையே பண்ண மாட்டீங்க.

வெளிய போர்டு பாத்தீங்களா? தாரணி மஹால். தாரணிங்கறது எம் பொண்ணு பேருங்க. ஒரே பொண்ணு. அவ பேர்ல கட்டின இந்த மண்டபத்துல, போன தை மாசம், அவ கல்யாணம் நடக்கலீங்க. அன்னைக்கு இங்க ஊரான் வீட்டுக் கல்யாணம் நடந்துச்சு. கேக்கறதுக்கே எப்படி இருக்குது பாருங்க. சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டேன்னு சொல்லுவாங்களே, அது நாந்தான். அந்தச் சூனியத்துக்குப் பேரு வெப் அப்ளிகேஷன்.

வீட்டைக் கட்டிப் பாரு, கல்யாணம் பண்ணிப் பாருன்னு சொன்னவன் மண்டபம் நடத்திப் பாக்கலீங்க. பாத்திருந்தா மூணாவதா அதையும் சேத்திருப்பான். வருசத்துக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு நாள் இருக்குது, யாருக்கு வேணும்? முகூர்த்தம் இருக்கறது அம்பது. அதுலயும் வளர்பிறையா இருக்கோணும், ஞாயித்துக்கெழமையா இருக்கோணும்னு பாத்தா பதினஞ்சு தேறும். ஆடியிலயும் மார்கழியிலயும் இங்க புறாதான் குடும்பம் நடத்தும். தை பொறந்தா ஒரே தேதிக்கு ஏழு பேர் வந்து நிப்பாங்க. மத்த மண்டபத்துக்காரன் ஒருத்தருக்குக் குடுத்துட்டு ஆறு பேர்கிட்ட இல்லைன்னு மூஞ்சியில அடிச்சு அனுப்புவான். நான் அப்படிப்பட்ட ஆளில்லீங்க. இந்தச் சென்னியப்பன் வாயில இருந்து பதினெட்டு வருசத்துல இல்லைங்கற சொல்லு வந்ததில்லை. யார்கிட்ட வேணாலும் விசாரிச்சுப் பாருங்க.

எப்படின்னு கேளுங்க. எங்க மேனேஜர் குப்பண்ணன் ஒரு நீளமான நோட்டு வெச்சிருந்தாரு. பெரிய பார்ட்டி வந்தா பேனாவுல எழுதுவாரு. சின்னப் பார்ட்டி வந்தா பென்சில்ல எழுதுவாரு. அவ்வளவுதான் சூட்சுமம். சின்னப் பார்ட்டிக்கும் சிரிச்ச மூஞ்சியோட தேதி குடுப்போம், ரசீது குடுப்போம், ஒரு கலர் சோடா குடுத்துக் குடிக்கச் சொல்லுவோம். அவங்க சந்தோசமாப் போவாங்க. நோட்டுல அது பென்சில்னு அவங்களுக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா மனசு சங்கடப்படுவாங்க பாருங்க, அதனால சொல்றதில்லை. அதே தேதிக்குப் பெரிய பார்ட்டி வந்துட்டா குப்பண்ணன் ரப்பரை எடுப்பாரு. நான் ஃபோனை எடுப்பேன். "ஏனுங்க, மண்டபத்துல மோட்டார் காயில் கருகிப் போச்சுங்க, தண்ணி ஏறலீங்க, எங்களுக்கே நெம்ப வருத்தமுங்க." தண்ணியில்லாத மண்டபத்துல கல்யாணம் பண்றதுக்கு எவனுக்கு நெஞ்சு வரும்? அடுத்த முகூர்த்தம் சொல்லுவேன். ஆகாதுன்னா மாடியில டைனிங் ஹால் இருக்குது, எரநூறு பேருக்குத் தாங்கும், எடுத்துக்கோங்கம்பேன். அதுவும் ஆகாதுன்னா அட்வான்ஸை அப்படியே திருப்பிக் குடுத்துருவேன். ஒரு பைசா புடிக்க மாட்டேனுங்க. ஒருத்தர், டீக்கடை வெச்சிருக்கறவர், பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்துட்டேனுங்கன்னு இதே நாற்காலியில உக்காந்து அழுதாரு. எனக்கு மனசு கேக்கலை. புதுப் பத்திரிகைக்கு நானே ஏற்பாடு பண்ணுனேன். கலர்ல அடிச்சுக்கங்கன்னு சொன்னேன்.

அப்பறம் குப்பண்ணனுக்கு வயசாயிப்போச்சு. கை நடுங்குது. அழிக்கறப்ப பேப்பர் கிழிஞ்சு அந்தப் பக்கத்துத் தேதியும் சேந்து போயிருது. அது கூடப் பரவால்லீங்க. ரப்பரைக் கையில வெச்சுக்கிட்டு, "பாவமுங்க, இவங்க மாட்டை வித்துட்டு அட்வான்ஸ் கட்டுனாங்க"ன்னு உக்காந்துருவாரு. எரக்கம் பாத்துக்கிட்டிருந்தா யாவாரம் ஓடுமா? சரி, கம்ப்யூட்டர் போட்டுருவோம்னு முடிவு பண்ணுனேன். கம்ப்யூட்டருக்குக் கையும் நடுங்காது, எரக்கமும் வராது.

அப்பத்தான் இந்த நிரஞ்சன் வந்தான். ஈரோட்டுல ஒரு பேக்கரிக்கு மேல ஆபீஸ். வந்த அன்னைக்கே வேலையைக் கெடுக்கப் பாத்தான். "அண்ணா, மண்டபத்துக்குன்னே ரெடிமேடா சாஃப்ட்வேர் இருக்குதுங்ண்ணா. செலவும் கம்மி. ஒரு தேதியை ஒருத்தருக்குக் குடுத்துட்டா அது அவங்களுக்குத்தான். அப்பறம் யாரும் தொட முடியாது"ங்கறான்.

"அதை எவன்பா வாங்குவான்?"னு கேட்டேன்.

"ஊரெல்லாம் வாங்கறாங்கண்ணா."

"ஊரு வாங்கிக்கட்டும். எனக்கு எங்க நோட்டு எப்படி இருக்குதோ அப்படியே வேணும். அளவெடுத்துத் தைக்கோணும். பென்சிலும் இருக்கோணும், ரப்பரும் இருக்கோணும்."

சரின்னுட்டான். மூணு நாள் குப்பண்ணன் பக்கத்துலயே உக்காந்து அவரு என்ன பண்றாருன்னு பாத்துப் பாத்து எழுதிக்கிட்டான். நாலாம் நாள் எங்கிட்ட வந்து கேள்வி கேக்க ஆரம்பிச்சான் பாருங்க, வக்கீலு தோத்தான். பெரிய பார்ட்டின்னா யாரு, சின்னப் பார்ட்டின்னா யாருன்னு கேக்கறான். ஆளைப் பாத்தாத் தெரியாதாப்பான்னு கேட்டா, கம்ப்யூட்டருக்குக் கண்ணு இல்லையே அண்ணாங்கறான். அப்பறம் ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காந்து மார்க் போட்டோம். மொத்தம் பத்து மார்க். மூணு நாளைக்கு எடுத்தா ரெண்டு. ஏசிக்கு ரெண்டு. ஆயிரம் இலைக்கு மேல போனா ரெண்டு. பெரிய இடத்துச் சிபாரிசு இருந்தா ரெண்டு. சொந்தமா கம்பெனி, மில்லு, கட்சியில ஒரு பொறுப்பு, இப்படி ஏதாச்சும் இருந்தா ரெண்டு. ரெண்டு பார்ட்டி ஒரே தேதிக்கு வந்தா மார்க் ஜாஸ்தி இருக்கறவங்களுக்குத் தேதி. கொறஞ்சவங்க தானா அழிஞ்சுருவாங்க. எத்தனை ஞாயமா இருக்குது பாருங்க. இதுல ஓரவஞ்சனை எங்க இருக்குது?

"நீங்க ஒரு தடவை பாத்து சரின்னு அமுக்குனாத்தான் அழியற மாதிரி வெக்கட்டுங்களாண்ணா?"ன்னான். வேண்டாம்னேன். நான் எதுக்கு ஒவ்வொரு தடவையும் அமுக்கி, மனசு சங்கடப்பட்டுக்கிட்டு? அதுக்குத்தான கம்ப்யூட்டர். "அப்ப பூட்டுன்னு ஒரு பட்டன் வெக்கறேண்ணா. பூட்டுன தேதியை யாரு வந்தாலும் அழிக்க முடியாது"ன்னான். ஏப்பா, பூட்டிட்டா அப்பறம் எப்படி அழிக்கறதுன்னு கேட்டேன். "அழிக்கக் கூடாதுன்னுதானண்ணா பூட்டறது"ங்கறான். அழிக்க முடியாத தேதியை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, நாக்கு வழிக்கறதா? எடுத்துருன்னேன். ரெண்டு தடவை கேட்டான். ரெண்டு தடவையும் எடுத்துருன்னேன். இதையெல்லாம் நாப்பது பக்கத்துக்கு எழுதிக் கொண்டாந்து பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துக் கேட்டான். கல்யாணப் பத்திரிகையே நாலு பக்கத்துல முடிஞ்சுருது, இவனுக்கு நாப்பது. படிக்க நேரம் ஏது? போட்டுக் குடுத்தேன்.

மெசேஜ் மட்டும் நானே சொல்லி எழுத வெச்சேனுங்க. அழியற பார்ட்டிக்குத் தானாப் போற மெசேஜ். "தங்கள் இல்லத் திருமணத்துக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். தவிர்க்க இயலாத மோட்டார் பழுது காரணமாகத் தங்கள் தேதி மாற்றி அமைக்கப்படுகிறது. அன்புடன், தாரணி மஹால்." மொதல்ல வாழ்த்து, அப்பறந்தான் விசயம். அடிச்சாலும் பூவுல அடிக்கோணும் அம்மிணி. யாவாரம்னா அப்படித்தான்.

பொய் சொல்லக் கூடாது, ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடுச்சு. அந்த ஆவணியில மட்டும் பதினோரு பார்ட்டி அழிஞ்சுது, எனக்கு ஒரு தலைவலி இல்லை. மெசேஜ் பாத்துட்டு அவங்க ஃபோன் பண்ணுவாங்க. மோட்டார்னு ஆரம்பிச்சாங்கன்னா போதும், ஆமாங்க, காயில் கருகிப் போச்சுங்க, அடுத்த முகூர்த்தம் இந்தத் தேதிங்க, மாடியில டைனிங் ஹால் இருக்குதுங்கன்னு நான்பாட்டுக்குச் சொல்லிருவேன். பேரு கூடக் கேக்கறதில்லை. குளிச்சுக்கிட்டே சொல்லியிருக்கறேன், கார் ஓட்டிக்கிட்டே சொல்லியிருக்கறேன்.

இப்படி இருக்கறப்பத்தான் தாரணிக்கு எடம் அமைஞ்சுது. அவ பேங்க்குல வேலை பாக்கற புள்ளைங்க. மாப்பிள்ளையும் நல்ல வேலையில இருக்கறாரு. சம்பந்தி தாராபுரம், தேவராஜ் வாத்தியார்னு சொன்னா அந்தப் பக்கம் எல்லாத்துக்கும் தெரியும். தை இருபத்தி மூணு, ஞாயித்துக்கெழமைன்னு நாள் குறிச்சாங்க. எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க. பதினெட்டு வருசமா இந்த வாசல்ல நின்னு ஊரான் பொண்ணுகளைப் பூ தூவி வரவேத்திருக்கறேன். ஒவ்வொரு தடவையும் எம் மனசுல ஒரே நெனப்புத்தான், இதே வாசல்ல ஒரு நாளைக்கு எம் புள்ளை எறங்குவான்னு. மேடைக்கு மேல வெச்சிருக்கற அந்த மயில் வேலைப்பாடு, அது அவ கல்யாணத்துக்குன்னே செஞ்சது. அது வரைக்கும் அதை வாடகைக்கு விட்டுக்கிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

தேதியை நானே பதிஞ்சேன். குப்பண்ணனை விடலை. இந்த வெரலால. கம்ப்யூட்டர் ஒண்ணொண்ணாக் கேட்டுச்சு. எத்தனை நாளுன்னு கேட்டுச்சு. சொந்த மண்டபத்துக்கு நாள் கணக்கு எதுக்குன்னு ஒண்ணுன்னு போட்டேன். ஏசி வேணுமான்னு கேட்டுச்சு. என்ற மண்டபத்து ஏசியை எங்கிட்டயே கேக்குதேன்னு விட்டுட்டேன். எலைக் கணக்கையும் விட்டுட்டேன். யாரு சிபாரிசுன்னு கேட்டுச்சு. எனக்கு நானே சிபாரிசு பண்ணிக்கறதா? விட்டுட்டேன். தொழில், விட்டுட்டேன். மாப்பிள்ளை வீட்டு ஃபோன் நம்பர் இல்லாம உள்ளயே விடமாட்டேன்னுச்சு. சம்பந்தி நம்பரைப் போட்டேன். முடிச்ச உடனே ஓரத்துல சின்னதா ஒரு பூஜ்யம் வந்துச்சுங்க. நம்மகிட்டக் காசு வாங்கறதில்லைன்னு காட்டுது போலன்னு நெனச்சுக்கிட்டேன். புத்திசாலி மிஷினுன்னு சிரிச்சுக்கிட்டேன்.

மார்கழி கடைசி வாரம். சீருக்குப் பாத்திரம் எடுக்கறதுக்கு நானும் எங்கூட்டுக்காரியும் கடையில நின்னுக்கிட்டிருக்கறோம். ஃபோன் வந்துச்சு. கண்ணாடி போடலை, யாருன்னு பாக்கலை. பித்தளைக் கொடத்தை ஒரு கையில வெச்சு நசுங்கல் இருக்குதான்னு பாத்துக்கிட்டே எடுத்தேன்.

"மண்டபத்துல மோட்டார் பழுதுன்னு மெசேஜ் வந்திருக்குதுங்களே..."ன்னு ஒரு கொரல்.

"ஆமாங்க, காயில் கருகிப் போச்சுங்க, எங்களுக்கே நெம்ப வருத்தமுங்க. அடுத்த முகூர்த்தம் பதினேழு நாள் தள்ளி இருக்குதுங்க. வேண்டாம்னா மாடியில டைனிங் ஹால் இருக்குதுங்க, எரநூறு பேருக்குத் தாங்குமுங்க."

முழுசாக் கேட்டுக்கிட்டாரு. அப்பறம் மெதுவா, "சம்பந்தி, நான் தேவராஜ் பேசறேன்"னாரு.

கொடம் கீழ விழுந்து நசுங்கிப் போச்சுங்க. அதையும் வாங்க வேண்டியதாப் போச்சு.

ஓடி வந்து கம்ப்யூட்டரைத் தொறந்தா, தை இருபத்தி மூணுல வேற பேரு உக்காந்திருக்குது. ரத்தினவேலு. திருப்பூர்ல பனியன் கம்பெனி, பையனுக்குக் கல்யாணம். வெளிநாட்டுல எங்கயோ இருந்துக்கிட்டு காலையில ஆறு மணிக்கு ஃபோன்ல இருந்தே வெப்சைட்ல புக் பண்ணி, முழுசாக் கட்டியும் முடிச்சிட்டாரு. மூணு நாள், ஏசி, மூவாயிரம் எலை, பெரிய இடத்துச் சிபாரிசு. பத்துக்குப் பத்து மார்க்குங்க. அது வரைக்கும் பத்து மார்க் ஒருத்தரும் வாங்குனதில்லை. எம் புள்ளை பூஜ்யம்.

நிரஞ்சனைக் கூப்பிட்டு வாய்க்கு வந்த மாதிரி பேசிப் போட்டேன். அவன் பதறவே இல்லைங்க. "மாத்திரலாண்ணா. அவர் புக்கிங்கை எடுத்துட்டு உங்களோடதை வெச்சுடறேன். ஒரு நிமிச வேலை. எடுத்துரட்டுங்களா?"ன்னு கேக்கறான். எத்தனை சுலுவாக் கேக்கறான் பாருங்க. பத்து மார்க் பார்ட்டியை எடுத்துரட்டுமாம். அந்தப் பசங்களுக்குத் தொழில் தெரியும், மனுசனைத் தெரியாது. இரு, அவர்கிட்ட நானே பக்குவமாப் பேசிக்கறேன்னு சொல்லி ஃபோனை வெச்சேன்.

ரத்தினவேலுகிட்டப் பேசுனேன். எப்பவும் பேசற மாதிரித்தான். மோட்டார் காயில் கருகிப் போச்சுங்கன்னேன்.

"அவ்வளவுதானுங்களா?"ன்னாரு. "நம்ம கம்பெனியில இருந்து ரெண்டு மோட்டார் அனுப்பறேன். நீங்க வெசனப்படாதீங்க."

சாயந்தரம் வண்டி வந்து நிக்குதுங்க. ரெண்டு புது மோட்டார், கூடவே ஒரு மெக்கானிக். அந்த மெக்கானிக்கு எறங்குன உடனே நம்ம மோட்டாரைப் போட்டுப் பாத்துட்டு, "இது கும்முனு ஓடுதுங்களே"ங்கறான். ஊரே கேக்கற மாதிரி.

உண்மையைச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேப்பீங்க. எல்லாருந்தான் கேட்டாங்க. அண்ணா, எம் பொண்ணுக்குக் கல்யாணமுங்க, விட்டுக் குடுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா விட்டுக் குடுத்திருப்பாரு. நல்ல மனுசன். ஆனா அப்படிச் சொன்னா, அப்ப மோட்டார் பொய்யான்னு ஆயிருமில்லீங்களா? அது பதினெட்டு வருசத்து மோட்டாருங்க. ஊருல எத்தனை பேரு அதை நம்பி தேதியை மாத்தியிருக்கறாங்க. அவங்க நம்பிக்கைக்கு நான் என்ன பதில் சொல்றது?

தாரணிகிட்டச் சொல்றதுதான் செரமமாப் போச்சு. கூப்பிட்டு உக்கார வெச்சு, சாமி, இப்படி ஆயிப்போச்சு, பதினேழு நாள் தள்ளி ஒரு முகூர்த்தம் இருக்குதும்மா, இல்லைன்னா மாடியில டைனிங் ஹால்னு ஆரம்பிச்சேன். அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. அழுகலீங்க. அழுதிருந்தா எனக்கு என்ன பண்றதுன்னு தெரிஞ்சிருக்கும். அழுகறவங்களை நான் வருசக்கணக்காச் சமாளிச்சிருக்கறேன். இவ எந்திரிச்சுப் போயி அந்தக் கம்ப்யூட்டரைத் தொறந்து, இது வரைக்கும் அழிஞ்சவங்க பேரெல்லாம் ஒரு எடத்துல சேந்திருக்குது பாருங்க, அதை எடுத்து மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சா. அரை மணி நேரம். ஒவ்வொரு பேராப் படிச்சா. கடைசியில அவ பேரு இருந்துச்சு.

"அது தப்பா ஒண்ணும் பண்ணலீங்கப்பா"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

பாருங்க, அவளும் அந்தப் பையன் கட்சி. படிச்சதுகெல்லாம் ஒரு கட்சிங்க.

சம்பந்தி வாத்தியார் ஆளு, பத்திரிகை முழுக்கக் குடுத்து முடிச்சவர், தேதியை மாத்த மாட்டேன்னுட்டாரு. அவரே போயி நகராட்சி சமுதாயக் கூடத்தைப் பேசிட்டு வந்துட்டாரு. இங்க இருந்து ரெண்டு கிலோமீட்டர். ஏசி கெடையாது, செவுரு பூராப் பச்சைப் பெயிண்ட். நான் பாக்கறதுக்குப் போனப்ப அங்க இருக்கற வாட்ச்மேன் ஓடி வந்து கையைப் புடிச்சுக்கிட்டான். "உங்களாலதானுங்க எங்களுக்குக் கூட்டமே. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் உங்க மண்டபத்துல இருந்து ஒரு பார்ட்டி இங்க வந்துருதுங்க"ன்னான். நல்ல மனசோடதான் சொன்னான். அவன் கையை எடுத்துவிட்டுட்டு வந்துட்டேன்.

கல்யாணத்தன்னைக்கு ஆறுல இருந்து ஏழரை முகூர்த்தம். ரெண்டு கல்யாணத்துக்கும் அதே முகூர்த்தந்தானுங்க, ஒரே நாளுன்னா வேற எப்படி இருக்கும்? பத்து மார்க் பார்ட்டிக்கு மண்டபத்துக்காரன் வாசல்ல நிக்காம இருந்தா மரியாதையா? ரத்தினவேலு கேக்கக் கூட இல்லீங்க. எனக்குத்தான் மனசு ஒப்பலை. யாரோ பெரிய மனுசன் ஆறரைக்கு வர்றாருன்னு சொல்லியிருந்தாங்க. தாலி கட்டறதுக்கு ஏழேகால் ஆயிரும்னு நானாக் கணக்குப் போட்டேன். பத்து நிமிசத்துல வந்தர்றேன்னு எங்கூட்டுக்காரிகிட்டச் சொன்னேன். "ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளைக்காவது இருங்க"ன்னா. வந்தர்றேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். காரை எடுத்தா அஞ்சு நிமிசம் இங்க.

பெரிய மனுசன் வரலை. ஆறே முக்காலாச்சு, வரலை. பன்னீர்ச் செம்பைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். வர்றவங்க எல்லாரும் கை குடுக்கறாங்க, மண்டபம் பிரமாதமுங்கறாங்க. உள்ள கெட்டிமேளம் கேட்டுச்சு. பழக்கதோசம், நானும் போயி அட்சதை எடுத்துப் போட்டேன். அந்தப் பொண்ணு மேல. நல்லா இரு சாமின்னு வாயாரச் சொன்னேன். சொல்லி முடிச்சுட்டுத்தான் ஃபோனை எடுத்துப் பாத்தேன். பதினோரு தடவை கூப்பிட்டிருக்கறாங்க.

நான் அங்க போறப்ப எலை போட்டுக்கிட்டிருந்தாங்க. தாலி ஏறி அரை மணி நேரமாச்சுன்னாங்க. தாரை வாக்கறதுக்கு அப்பன் இல்லைன்னு எம் மச்சான் மோகனசுந்தரமும் அவன் சம்சாரமும் நின்னு வாத்துட்டாங்க. முகூர்த்தம் தப்பிரக் கூடாதே, என்ன பண்ணுவாங்க. தாரணி கால்ல விழுந்தா. மாப்பிள்ளையும் விழுந்தாரு. எந்திரிச்சவ என்னைப் பாத்து, "சாப்பிட்டீங்களாப்பா? சாப்பிட்டுத்தான் போகோணும்"னா. வந்தவங்களைக் கேக்கற மாதிரியே கேட்டா அம்மிணி. அது எனக்கு இன்னும் நெஞ்சுல நிக்குது. 

இதெல்லாம் அந்த நிரஞ்சன் ஒழுங்கா எழுதியிருந்தா நடந்திருக்குமா? அப்பன் பேரைப் பாத்தாத் தெரிய வேண்டாமா? மண்டபத்து மேலயே அவ பேரு எழுதியிருக்குது, கம்ப்யூட்டருக்கு அது கூடத் தெரியலைன்னா அப்பறம் என்ன சாஃப்ட்வேரு? அவன்கிட்ட இதைக் கேட்டேன். நாப்பது பக்கத்தையும் எடுத்து முன்னால வெச்சான். பக்கத்துக்குப் பக்கம் என்ற கையெழுத்து. அவனை அன்னைக்கே தலை முழுகிட்டேன்.

இப்ப உங்க விசயத்துக்கு வர்றேன். மார்க் அப்படியே இருக்கட்டும், அது நல்ல யோசனை. தானா அழியறதும் இருக்கட்டும். மெசேஜ்ல மோட்டாரை மட்டும் எடுத்துருங்க, அந்த மெக்கானிக்குச் சொல்லி ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. ஜெனரேட்டர்னு போட்டுக்கலாம். என்னுங்க? பூட்டுப் பட்டனா? நீங்களும் அதையே கேக்கறீங்களே. அது எதுக்குங்க இனி? எனக்கென்ன இன்னொரு பொண்ணா இருக்குது?

இன்னொரு வேலை இருக்குது, அதைத்தான் முக்கியமாச் சொல்லோணும். வெப்சைட்ல மொத பக்கத்துல பெருசா ஒரு கல்யாண ஃபோட்டோ வேணும். இந்தா, இதுதான். தாரணி கல்யாணத்துல தாரை வாக்கறப்ப எடுத்தது. புள்ளை எத்தனை அழகா இருக்கறா பாருங்க, தலையைக் குனிஞ்சுக்கிட்டு. பின்னால அந்தப் பச்சைச் செவுரு தெரியுதில்ல, அதை எடுத்துட்டு நம்ம மேடையைப் போடோணும், மயில் தெரியற மாதிரி. அப்பறம் செம்பு புடிச்சிருக்கறாரே, இவருதான் மச்சான், பக்கத்துல அவர் சம்சாரம். இவங்க ரெண்டு பேரையும் எடுத்துட்டு என்னையும் எங்கூட்டுக்காரியையும் நிக்க வெக்கோணும். எங்கூட்டுக்காரி ஃபோட்டோ வேணுங்கற அளவுக்கு ஆல்பத்துல இருக்குது, எல்லாத்துலயும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கறா, பரவால்லை, பொண்ணைப் பெத்தவ அழுதா நல்லாத்தான் இருக்கும். என்ற ஃபோட்டோவும் நல்லதா ஒண்ணு இருக்குது. அதே நாள் எடுத்தது, அதே பட்டு வேட்டி. ரத்தினவேலு கொடுத்தனுப்புன ஆல்பத்துல இருந்துச்சு. பன்னீர்ச் செம்பு கூடக் கையிலயே இருக்குது பாருங்க, உங்களுக்கு வேலை சுலுவு.

இப்பெல்லாம் கம்ப்யூட்டர்ல இது ஒரு வேலையே இல்லைன்னு சொல்றாங்க. எத்தனை நாள் ஆகுமுங்க?

என்னுங்க? பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமாங்கறீங்களா? வேண்டாமுங்க அம்மிணி. கேட்டா வேண்டாம்னு சொல்லிப் போடுவா.